காரோட ஹெட்லைட் வெளிச்சம் பத்தலை, 100/90 பல்பு போடலாமா, எல்ஈடி போடலாமா, நானே மாத்திக்க முடியுமா?

நீங்க கேட்டிருக்கிறது, 2012 மாடல் கார், எச்4 பல்பு (டிம், பிரைட் ரெண்டும் ஒரே பல்புல வர்ற வகை), வாரத்துல அஞ்சு நாள் ராத்திரி பாண்டியில இருந்து கடலூருக்குத் திரும்பணும், லைட்டு பத்தலை, கடையில போனா 100/90 போடுங்க இல்லன்னா எல்ஈடி போடுங்கன்னு சொல்றாங்க, எது நல்லது, நானே மாத்தலாமான்னு.

நேரா சொல்லிடுறேன், ரெண்டும் வேணாம். கார்ல வந்த அதே எச்4, அதே 60/55 வாட்ஸ் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) ஹாலஜன், நல்ல கம்பெனி பல்பா ஜோடியா வாங்கிப் போடுங்க. ஆனா வாங்குறதுக்கு முன்னாடி லைட்டு ஏன் மங்குச்சுன்னு பாருங்க. நம்ம கடலோர ஊர்ல பெரும்பாலும் பல்பு மேல தப்பு இருக்காது. இதை நான் இவ்ளோ உறுதியா சொல்றதுக்குக் காரணம், நீங்க கேட்ட ரெண்டையும் நான் போட்டுப் பாத்துட்டேன், அதே ரோட்டுல, அதே நேரத்துல.

என்னோடது செகண்ட் ஹேண்ட் வேகன்ஆர், வீடு செம்மண்டலம், வேலை பாண்டியில, செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு கிளம்பும்போது பத்தரை ஆயிடும். அரியாங்குப்பம், தவளக்குப்பம் வரைக்கும் கடை வெளிச்சம் தெரு வெளிச்சம் இருக்கும், கிருமாம்பாக்கம் தாண்டினதுக்கப்புறம் விட்டு விட்டு இருட்டு, ரெட்டிச்சாவடிகிட்ட திடீர்னு ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கிட்டு குறுக்கே வருவாரு, மாடு படுத்திருக்கும், கரும்பு சீசன்ல பின்னாடி ஒரு ரிஃப்ளெக்டர் கூட இல்லாம டிராக்டர் டிரெய்லர் நிக்கும். அதனால வெளிச்சம் வேணும்ங்கிற உங்க தவிப்பு எனக்கு நல்லாவே புரியுது.

முதல்ல 100/90 போட்டேன். மூணு வாரம் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு, ரோடு பளிச்சுன்னு தெரிஞ்சுது. ஒருநாள் ராத்திரி கன்னியக்கோயில் தாண்டும்போது ஏசி வழியா பிளாஸ்டிக் கருகுற வாடை, ரெண்டு நிமிஷத்துல ஒரு லைட்டு போச்சு, ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தா பல்போட பின்னாடி மாட்டுற கப்ளர் உருகி பல்போட பின்னுல ஒட்டிக்கிட்டு இருக்கு. கணக்கு போட்டுப் பாத்தா இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல. டிம்ல 55 வாட்ஸ் பல்பு 12 வோல்ட்ல இழுக்குறது ஏறக்குறைய 4.6 ஆம்பியர், 90 வாட்ஸ் இழுக்குறது 7.5 ஆம்பியர், கம்பெனி போட்ட வயரும் ஹோல்டரும் ஸ்டியரிங் ஸ்விட்ச்சும் அந்த 60/55-க்குத் தான் அளவா போட்டது. கரண்டு இப்படி 1.6 மடங்கானா ஒரே வயர்ல சூடு ரெண்டரை மடங்குக்கு மேல ஆகும், பழைய வயர், உப்புக்காத்து பட்டு பச்சை புடிச்ச டெர்மினல், அது எப்படித் தாங்கும். டூமுக்கு (பல்பு உக்கார்ற ஹெட்லைட் கூடு) உள்ள இருக்கிற கண்ணாடி மாதிரி பளபளப்பான பூச்சும் அந்தச் சூட்டுல கருகி மங்கும், அது போச்சுன்னா டூமையே மாத்தணும். இதுல சில பேர் ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு பெரிய ஃபியூஸ் போட்டுடுறாங்க, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க, வயர் எரியறதுக்கு முன்னாடி தானே உருகிப் போய் வண்டியைக் காப்பாத்துறதுக்குத் தான் அந்த ஃபியூஸ் இருக்கு.

அடுத்து எல்ஈடி. கடையில செவுத்துல அடிச்சுக் காட்டினாங்க, பகல் மாதிரி இருந்துச்சு, வாங்கிட்டேன். ஓட்டும்போதும் காருக்கு முன்னாடி ஒரு இருபது முப்பது அடி அப்படி ஒரு வெளிச்சம். ஆனா கொஞ்ச நாள்லயே தூரத்துல எதுவும் தெரியலையேன்னு தோண ஆரம்பிச்சுது, பக்கத்துல ரொம்ப வெளிச்சமா இருந்தா கண்ணு அதுக்குப் பழகிடும், தூரத்து இருட்டுல நிக்கிறது தெரியாது. ஐப்பசி மழையில இன்னும் மோசம், மழைத்தண்ணியில பட்டு எல்லாம் நம்ம கண்ணுக்கே திரும்பி வருது.

அப்புறம் தான் என் மச்சான் சொன்னான். அவன் டிவிஎஸ் எக்ஸெல் வச்சிருக்கான், ராத்திரி எதிர்ல வந்திருக்கான், வீட்டுக்கு வந்து "மாமா, அது நீங்களா? எனக்கு ரோடே தெரியல மாமா, காலை ஊனி நின்னுட்டேன், நீங்க தாண்டிப் போனப்புறம் தான் கிளம்பினேன்"னான். நான் டிம்ல தான்டா வந்தேன்னு சொன்னேன். அவன் நம்பல. சரின்னு எங்க தெருவுலயே பாத்துடலாம்னு காரை ஒரு முனையில டிம் போட்டு நிறுத்திட்டு, நான் போய் அவன் வண்டி சீட்டுல உக்காந்து பாத்தேன். என் பொண்ணு காருக்குப் பக்கத்துல தான் நின்னுக்கிட்டு இருந்தா, அப்பா அப்பான்னு கூப்புடுற சத்தம் வருது, ஆள் தெரியல. அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்துல ஒரு குழந்தை நிக்கிறதே தெரியல. மறுநாள் காலையில கழட்டிட்டேன்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, எச்4 பல்புக்குள்ள ரெண்டு ஃபிலமென்ட் இருக்கும், டிம்முக்கு ஒண்ணு, பிரைட்டுக்கு ஒண்ணு. டிம் ஃபிலமென்ட்டுக்கு அடியில ஒரு குட்டி கிண்ணம் மாதிரி தகடு இருக்கும், அது கீழ்ப்பக்கமா போற வெளிச்சத்தை மறைச்சுடும், அதனால டூமோட மேல் பாதியில மட்டும் பட்டு வெளிச்சம் கீழ ரோட்டைப் பாத்து விழும். டூமோட வளைவு எல்லாமே அந்த மெல்லிசான ஃபிலமென்ட் சரியா எந்த இடத்துல இருக்கோ அதை வச்சுக் கணக்கு பண்ணினது. அந்த இடத்துல தட்டையா ரெண்டு பக்கமும் சில்லு ஒட்டின ஒரு எல்ஈடி கட்டையைச் சொருகினா, ஒரு மில்லிமீட்டர் முன்ன பின்ன இருந்தாலும் ஃபோகஸ் கலைஞ்சு வெளிச்சம் எதிர்ல வர்றவன் கண்ணு மட்டத்துக்குச் சிதறும். கம்பெனியிலயே எல்ஈடியோட வர்ற வண்டி வேற கதை, அந்த டூமையே எல்ஈடிக்குன்னு செஞ்சிருப்பாங்க. இன்னொண்ணு, இந்த எல்ஈடிக்குப் பின்னாடி ஃபேன் இருக்கிறதால ரப்பர் மூடி சரியா உக்காராது, மழைக்கு உள்ள ஈரம் ஏறும், எனக்கு ஒரே மாசத்துல கண்ணாடிக்குள்ள பனி புடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

சட்டமும் இதைத் தான் சொல்லுது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல, முன் விளக்கு வெளிச்சம் கீழ்ப்பக்கமா சாஞ்சு இருக்கணும், வண்டிக்கு 8 மீட்டர் முன்னாடி, தரையில இருந்து 1.5 மீட்டர் உயரத்துல இருக்கிற கண்ணு கூசக்கூடாதுன்னு இருக்கு. 1.5 மீட்டர்ங்கிறது ஏறக்குறைய எக்ஸெல்ல உக்காந்திருக்கிற என் மச்சானோட கண்ணு உயரம் தான். நான் தெருவுல பண்ணின மாதிரி நீங்களும் ஒருதடவை உக்காந்து பாருங்க, நான் எழுதுறதை விட அது நல்லா புரிய வைக்கும்.

சரி, அப்ப வெளிச்சத்துக்கு என்ன தான் வழி. மஞ்சக்குப்பத்துல ஒரு பழைய ஆட்டோ எலக்ட்ரீஷியன், பாய், அவர்கிட்ட போனேன். அவர் பல்பைப் பாக்கவே இல்ல, "தம்பி, இன்ஜினைப் போட்டு டிம் போடுங்க"ன்னுட்டு மீட்டரை எடுத்தாரு. பேட்டரியில 14.1 வோல்ட், ஹோல்டர்ல 12.2. நடுவுல ரெண்டு வோல்ட் கிட்ட காணோம். ஹாலஜன் பல்புல வோல்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் 10 சதவீதம் குறையாது, கிட்டத்தட்ட 30 சதவீதம் குறையும், அப்ப எனக்கு மூணுல ஒரு பங்குக்கு மேல வெளிச்சம் வயர்லயே போயிருக்கு. எர்த்து வயர் பாடியில முடுக்கி இருக்கிற போல்ட்டைக் கழட்டினாரு, அடியில பூரா துரு. உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேய்ச்சு, முடுக்கி, மேல வாஸ்லின் தடவி விட்டாரு. உருகின கப்ளருக்குப் பதிலா செராமிக் ஹோல்டர், அப்புறம் ரிலே ஒண்ணு வச்சு பேட்டரியில இருந்து நேரா தடிமனான வயர், நடுவுல ஃபியூஸோட. ரிலே இருந்தா ஸ்விட்ச் வழியா பல்போட கரண்டு பூரா போகாது, ரிலேவைத் தூண்டுற அளவுக்குக் கொஞ்சம் தான் போகும். அன்னைக்குச் சாயங்காலம் சாதா 60/55 பல்புல வந்த வெளிச்சத்தைப் பாத்து எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் கோவம், இதை யாரும் முதல்லயே சொல்லலையேன்னு.

டூம் மேல் மூடி மஞ்சளடிச்சிருக்கான்னு பாருங்க, வெயில்ல நிக்கிற பத்து வருஷ வண்டியில கட்டாயம் அடிச்சிருக்கும். அது கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட், மேல இருக்கிற கோட்டிங் வெயில்ல போனதும் மஞ்சளாகும். தண்ணி விட்டு 800, 1000, 2000 நம்பர் உப்புத்தாள்ல வரிசையா தேய்ச்சு காம்பவுண்ட் போட்டு பாலிஷ் பண்ணினா பழையபடி தெளிஞ்சுடும், ஆனா மேல வெயில் தாங்குற கிளியர் கோட் அடிக்கலன்னா சில மாசத்துல மறுபடி மஞ்சளாகும். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்கிறதும் அப்படித்தான், ரொம்ப நாள் நிக்காது.

பல்பு வாங்கும்போது பழசைக் கையோட எடுத்துட்டுப் போங்க இல்லன்னா மேனுவல்ல நம்பர் பாருங்க, எச்4 வேற எச்7 வேற, ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு பொருந்தாது. பல்போட அடித்தகடுல எச்4, 12 வோல்ட், 60/55 வாட்ஸ், வட்டத்துக்குள்ள ஈ எழுத்தும் ஒரு நம்பரும் அடிச்சிருக்கணும். நீலக் கலர் பூசின பல்பு வெள்ளையா தெரியும், ஆனா அந்தப் பூச்சு வெளிச்சத்தை வடிகட்டித்தான் நீலமாக்குது, நம்ம மழைக்கு வேணாம். டப்பாவுல நூறு சதவீதம் அதிக வெளிச்சம்னு போட்டிருக்கிறது நல்ல கம்பெனியோடதுன்னா வெளிச்சம் உண்மையிலயே கொஞ்சம் கூடும், வாட்ஸும் அதே தான், ஆனா ஆயுசு கம்மி.

மாத்துறது நீங்களே பண்ணலாம், முதல் தடவைக்கு அரை மணி நேரம் ஆகும். பகல்ல பண்ணுங்க. சாவியை எடுத்துட்டு கால் மணி நேரம் ஆற விடுங்க, அந்தப் பல்பு கண்ணாடி தொட்டா தோல் உரியற சூடு. உள்ள கேஸ் அழுத்தத்துல இருக்கும், அதனால கண்ணுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி போட்டுக்குங்க, வெடிச்சா சில்லு தெறிக்கும். கப்ளரைப் புடிச்சு நேரா இழுங்க, வயரைப் புடிச்சு இழுக்காதீங்க. அப்புறம் ரப்பர் மூடியைக் கழட்டினா உள்ள கம்பி கிளிப் இருக்கும், அதை லேசா அமுக்கி ஒரு பக்கமா தள்ளினா விடுபடும். பழைய பல்பை எடுக்கும்போதே எந்தப் பக்கம் எப்படி உக்காந்திருக்குன்னு ஒரு போட்டோ எடுத்து வச்சுக்குங்க, எச்4 தகடுல மூணு காது இருக்கும், அதுல ஒண்ணு பெருசு, அது உக்கார்ற இடம் ஒண்ணு தான். புதுசை அடித்தகடுல மட்டும் புடிங்க, கண்ணாடியைத் தொடவே கூடாது. விரல்ல இருக்கிற எண்ணெய்ப்பசை பட்ட இடம் மட்டும் அதிகமா சூடாகி பல்பு சீக்கிரம் போயிடும். தெரியாம தொட்டுட்டா மெடிக்கல்ல கிடைக்கிற ஸ்பிரிட்டை சுத்தமான துணியில தொட்டுத் துடைச்சு, நல்லா காஞ்சதுக்கப்புறம் மாட்டுங்க. பல்பு ஆடாம பொருந்தினப்புறம் தான் கிளிப்பைப் போடணும், கோணலா உக்காந்தா டிம்மே எதிர்ல வர்றவனுக்கு பிரைட் மாதிரி அடிக்கும். ரப்பர் மூடியில மேல்னு குறி இருந்தா அந்தப் பக்கம் மேல வச்சு, சுத்தி விரலால அமுக்கி விடுங்க. கப்ளர் உள்ள பிரவுன் கலர்ல கருகின தடம் தெரிஞ்சா பல்பு மட்டும் மாத்திட்டு விட்டுடாதீங்க, ஹோல்டரையும் மாத்துங்க.

ஒண்ணு போனாலும் ரெண்டையும் மாத்துங்க, இன்னொண்ணும் அதே வயசு தான். கழட்டினதுல எரியறதை டிக்கியில ஸ்பேரா வச்சுக்கலாம்.

கடைசியா செவுத்துக்கு முன்னாடி சமதரையில 5 மீட்டர் தள்ளி நிறுத்துங்க, டயர்ல காத்து சரியா இருக்கணும், டிரைவர் சீட்டுல ஆள் உக்காந்திருக்கணும், டேஷ்போர்டுல லெவல் திருகு இருந்தா 0-ல வைங்க. பல்போட நடு உயரத்தைச் செவுத்துல சாக்பீஸால கோடு போடுங்க, டிம் வெளிச்சத்தோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் கீழ விழணும், இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேல ஏறி ரோட்டோரத்தைக் காட்டும், அது அப்படித்தான் இருக்கணும். இல்லன்னா டூமுக்குப் பின்னாடி இருக்கிற திருகைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிச் சரி பண்ணுங்க. பின் சீட்டுல மூணு பேர், டிக்கியில மூட்டைன்னு போகும்போது முன்பக்கம் தூக்கும், அப்ப அந்த லெவல் திருகை 2 இல்ல 3-ல வச்சு இறக்கிக்குங்க.

பேட்டரி இருக்கிற பக்கம் கை நுழையாது, இழுத்துத் திருகிப் போராடாம பேட்டரியைக் கழட்டிட்டு மாட்டுங்க, கழட்டும்போது முதல்ல மைனஸ். கையால தடவிப் பாத்து கிளிப் மாட்டிடுச்சுன்னு நம்பாதீங்க, போன்ல டார்ச் அடிச்சு ஒரு போட்டோ எடுத்துப் பாத்துட்டு மூடுங்க. எரிஞ்சு போன பழைய பல்பைத் தாள்ல நல்லா சுத்தி தனியா கட்டிக் குடுங்க, குப்பை பிரிக்கிறவங்க வெறுங்கையால தான் எடுப்பாங்க.