ஆய்ஸ்டர் கார்டைக் கூட்டத்தில் யாராவது காப்பி எடுத்துவிட முடியுமா?

கேள்வி: லண்டனுக்குப் புதிதாக வந்திருக்கிறேன். ட்யூபில் (சுரங்க ரயிலில்) இடித்துக்கொண்டு நிற்பவர், என் ஆய்ஸ்டர் கார்டை (பஸ், ரயில் கட்டணத்துக்குக் காசு ஏற்றி வைத்துக்கொள்ளும் கார்டு) பைக்குள் இருக்கும்போதே காப்பி எடுத்துவிட்டால்?

ஒரு காலத்தில் அதற்கு வழி இருந்தது. புதிதாக வாங்கிய கார்டு என்றால் அந்தப் பயம் வேண்டாம்.

2003-ல் ஆய்ஸ்டர் வந்தபோது உள்ளே இருந்தது மைஃபேர் கிளாசிக் சிப். அதிலுள்ள தகவலைக் காக்கும் பூட்டுக்கு, அதாவது ரகசியக் குறியீட்டு முறைக்குப் பெயர் கிரிப்டோ-1. சாவியின் நீளம் 48 பிட்தான், ரொம்பக் குட்டை. பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை மட்டும் கம்பெனி பொத்திப் பொத்தி வைத்திருந்தது. 2007 டிசம்பரில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் ப்ளாட்ஸ் இருவரும் பெர்லினில் ஒரு மாநாட்டில் அதைப் போட்டு உடைத்தார்கள். கார்டின் பிளாஸ்டிக்கை அசிட்டோனில் கரைத்து (நகப்பூச்சு அழிக்க வைத்திருப்போமே, அதேதான்), உள்ளே இருந்த துளியூண்டு சிப்பை அடுக்கடுக்காகத் தேய்த்து, மைக்ராஸ்கோப்பில் படம் பிடித்து சர்க்யூட்டையே படித்துவிட்டார்கள். இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் வேறு. ஒவ்வொரு தடவையும் யாரும் ஊகிக்க முடியாதபடி சிப் சொல்லவேண்டிய எண், மின்சாரம் கிடைத்து எவ்வளவு நேரம் ஆனது என்பதைப் பொறுத்தே வந்ததாம். நேரத்தைச் சரியாகப் பிடித்தால் அதே எண் மறுபடி வரும்!

2008-ல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகக் குழு இன்னும் ஆழமாக எழுத, சிப் தயாரித்த என்எக்ஸ்பி தடை கேட்டு கோர்ட்டுக்குப் போனது. நஷ்டம் கட்டுரையால் இல்லை, குறையுள்ள சிப்பை விற்றதால் என்று ஆர்ன்ஹெம் கோர்ட் ஜூலையில் கைவிரித்துவிட்டது.

அதன்பிறகு லண்டன், டெஸ்ஃபயர் சிப்புக்கு மாறியது. அதில் 128 பிட் சாவியுள்ள ஏஇஎஸ் என்ற பூட்டு. எப்படி வேலை செய்கிறது என்பது ஊருக்கே தெரியும், சாவி மட்டும்தான் ரகசியம். உங்கள் கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வலது கீழ் மூலையில் குட்டியாக ஆங்கில 'டி' எழுத்து இருந்தால் புதிய தலைமுறை.

பழைய கார்டிலும் பெரிய ஆபத்து நமக்கு இல்லை, போக்குவரத்து நிர்வாகத்துக்குத்தான். மீதித் தொகை கார்டிலேயே எழுதப்பட்டிருப்பதால், சாவி கிடைத்தவன் அதைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டு ஓசியில் சுற்றலாம். உங்கள் பணத்தை உறிஞ்சித் தன் கணக்கில் போட்டுக்கொள்ள வழியே இல்லை.

காப்பி பயத்தை விட்டுவிட்டு, கார்டை முதலில் ஆன்லைனில் உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். தொலைத்தால் மீதியை வேறு கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஈஸ்ட் ஹாமில் பஸ் சீட்டிலேயே என் கார்டை விட்டுவிட்டு இறங்கினேன். பதினெட்டு பவுண்டு இருந்தது. பதிவு செய்யவில்லை. போனது போனதுதான்.