வாசகர் வினா – விடை: உண்டதை எப்படி அளப்பது?

கேள்வி: மீன் அதிகம் உண்ணும் யப்பானியருக்கு மாரடைப்புக் குறைவு என்று படித்தேன். முந்தாநாள் மதியம் என்ன கறி என்று கேட்டாலே என் கணவருக்கு நினைவு வராது. அப்படியிருக்க, அத்தனை ஆயிரம் பேர் எவ்வளவு மீன் உண்டார்கள் என்பதை எப்படிக் கண்டறிந்தார்கள்?
– ஓர் ஆசிரியை, கல்லாறு

பதில்: உங்கள் கணவரின் மறதி ஆய்வாளர்களுக்கும் தெரிந்த சங்கதிதான். ஆகவே அவர்கள் முந்தாநாள் கறியைக் கேட்பதில்லை, வழக்கத்தைக் கேட்கிறார்கள். நீங்கள் படித்தது, பொதுச் சுகாதார நிலையப் பிரிவுகளை அடிப்படையாகக் கொண்டு 1990இல் யப்பானில் தொடங்கிய நெடுங்கால ஆய்வின் முடிவாக இருக்கலாம். 1993இல் மேலும் சில பிரிவுகள் சேர, வடக்கே இவாத்தே முதல் தெற்கே ஒக்கினாவா வரை 11 பிரிவுகளில் 40 முதல் 69 வயது வரையான ஏறத்தாழ 140,000 பேர் அதில் அடங்கினர். ஐந்தாம் ஆண்டில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வினாக்கொத்தில் 138 உணவுகள் இருந்தன. ஒவ்வொன்றையும் எத்தனை தடவை உண்கிறீர்கள் என்பதற்கு ஒன்பது விடைகளும், ஒரு தடவைக்கு எவ்வளவு என்பதற்குச் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று விடைகளும் தரப்பட்டன.

இதை நம்பலாமா என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர். அதைச் சோதிக்க, அதே பிரிவுகளில் சிலரைத் தெரிந்தெடுத்து, தராசைக் கொடுத்து, உண்பதையெல்லாம் நிறுத்து எழுதச் சொன்னார்கள். பருவத்துக்கு ஏழு நாள் வீதம் நான்கு பருவத்துக்கும் 28 நாட்கள். குளிர் அவ்வளவாக இல்லாத ஒக்கினாவாவில் மட்டும் 14 நாட்கள். பருவத்தைக் கணக்கில் எடுத்தது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். வாடைக்காற்று வீசும் மாரியில், கடலுக்குத் தோணி இறங்காத நாட்களில், நம் வீடுகளில் கருவாடும் கூனியும் வாவி மீனும்தான் சட்டியில் இருக்கும். அந்த மாதத்தில் கேட்டால் ஒரு விடை, சித்திரையில் கேட்டால் வேறு விடை.

நிறுத்து எழுதியதும் வினாக்கொத்தும் கிராமுக்குக் கிராம் பொருந்துவதில்லை, பொருந்த வேண்டியதும் இல்லை. யார் அதிகம் உண்பவர், யார் குறைவாக உண்பவர் என்ற வரிசை ஓரளவு சரியாக வந்தால் போதும். அந்த வரிசையை ஐந்து கூறாக்கி, எந்தக் கூறில் நோய் அதிகம் வருகிறது என்று வருடக்கணக்கில் பார்த்திருப்பார்கள். 2006இல் வெளியான முடிவின்படி, வாரத்துக்கு ஒரு தடவையளவில் மீன் உண்டவர்களோடு ஒப்பிட்டால், எட்டுத் தடவையளவில் உண்டவர்களுக்கு இதயத் தமனி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 37 வீதம் குறைவாக இருந்தது. இதில் ‘37’ என்பதை நான் இறுகப் பிடிக்கமாட்டேன். மீன் அதிகம் உண்பவர் புகைத்தலிலும் காய்கறி உண்பதிலும் மற்றவரிலிருந்து வேறுபடலாம். கணக்கில் அதைக் கழிப்பார்கள், ஆனால் முற்றாகக் கழிக்க இயலாது. மேலும், மிகக் குறைவாக உண்ட கூறினரே நாளொன்றுக்கு 23 கிராம் அளவில் மீன் உண்டிருக்கிறார்கள் என்பதால், மீனே தொடாதவரைப் பற்றி இந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை.

கேள்வி: சோறு கூடுதலாக உண்ணும் பெண்களுக்கு நீரிழிவு வருவதாக யப்பானில் கண்டார்களாம். வயல் செய்யும் நாங்கள் என்ன செய்வது?
– ஒரு விவசாயி, அக்கரைப்பற்று

பதில்: வயலை விடவேண்டாம். நீங்கள் குறிப்பிடுவது அதே ஆய்விலிருந்து 2010இல் வெளியானது. ஆண்களில் அத்தொடர்பு தெளிவாக இல்லை. பெண்களிலும், கடும் உடலுழைப்பு இல்லாதவர்களிடமே அது கூடுதலாகத் தெரிந்தது. அதாவது, களையெடுத்துக் கதிர் அறுக்கும் பெண்ணையும், நாள் முழுக்கக் கதிரையில் இருப்பவரையும் ஒரே பீங்கான் சோற்றை வைத்து எடைபோட முடியாது. (இப்போது அறுவடை இயந்திரம் வந்துவிட்டதால், முன்பு செய்த உழைப்பைச் சொல்லி இன்று சோறு உண்பவரும் நம்மிடையே உண்டு.)

அளத்தலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. யப்பானில் ஆளுக்கொரு சோற்றுக் கிண்ணம். எத்தனை கிண்ணம் என்று கேட்டால் விடை வந்துவிடும். நம் வீட்டில் அரிசி சோறாக மட்டுமா வருகிறது? காலையில் இடியப்பம், இரவில் பிட்டு, இடையில் அப்பம். உலையில் எத்தனை சுண்டு அரிசி போட்டீர்கள் என்பது உங்கள் மனைவிக்குத் தெரியும். உங்கள் பங்கு எவ்வளவு என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே, யப்பானிய வினாக்கொத்தைத் தமிழாக்கி இங்கே கொடுப்பதில் பயனில்லை. மிசோ என்னும் யப்பானியச் சோயா விழுதை எடுத்துவிட்டுச் சொதியையும் சம்பலையும் எருமைத் தயிரையும் சேர்த்து, இங்குள்ளவர்களிடமே தராசு வைத்துச் சோதித்த பின்னர்தான் அது நமக்கு உதவும். அதுவரை, அவர்களது எண்களை நமது எண்களாக எடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: கலியாண வீட்டில் ஒரு சஹனில் பலர் சேர்ந்து உண்கிறோம். தராசு வைத்து இதை எப்படிப் பிரிப்பது? வாப்பாவுக்குப் பிரஷர் இருப்பதால் உப்பைப் பற்றித்தான் கவலை.
– ஒரு மாணவி, காத்தான்குடி

பதில்: முதலாவதற்கு யப்பானியரின் தேசிய ஊட்டச்சத்து ஆய்வே வழி சொல்கிறது. 1995 முதல் அங்கே வீட்டுக்குச் சமைத்ததை நிறுத்து எழுதி, அதில் ஒவ்வொருவரும் எத்தனை பங்கு உண்டார் என்பதையும் குறிக்கிறார்கள். சஹனுக்கும் அப்படிச் செய்யலாம், பிழை சற்றுக் கூடும்.

உப்புக்கு இந்த வழி சரிவராது. ஆணத்தில் கரைந்ததையும் ஊறுகாயில் ஊறியதையும் யாராலும் நினைவிலிருந்து சொல்ல முடியாது. உண்ட சோடியத்தில் பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடுவதால், 24 மணி நேரச் சிறுநீர் முழுவதையும் சேர்த்து அளப்பதே நம்பத்தக்க முறை. 32 நாடுகளில் அவ்வாறு அளந்து 1988இல் வெளியான ஆய்வில் யப்பானியரும் சேர்க்கப்பட்டிருந்தனர். ஆனால் ஒரு நாள் அளவு அந்த ஒரு நாளுக்கே பொருந்தும். கலியாண நாளில் சேர்த்தால் வாப்பாவின் வழக்கம் தெரியாது. கிளினிக்கில் “உப்புக் கூடவா?” என்று கேட்கும்போது ஆம், இல்லை என்று மட்டும் சொல்லாமல், கருவாடு வாரத்தில் எத்தனை நாள், ஊறுகாய் எத்தனை நாள், கடைச் சாப்பாடு எத்தனை நேரம் என்று எழுதிக்கொண்டுபோய்க் கொடுங்கள்.