பள்ளிக்கூடத்தில் இன்சுலின்: நான் பட்டது போதும்

தம்பி, உங்கள் 7 வயது மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய், அடுத்த வாரம் பள்ளி தொடங்குகிறது, இன்சுலின் விஷயத்தில் பள்ளியை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வீடு, குளிர் உடுப்பு, காப்பீடு என்று நாலு கேள்வி. அதற்கெல்லாம் பதில் சொல்ல ஆள் நிறைய உண்டு, நான் பள்ளிக்கூடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த வெளிநாட்டுக்கு வந்த புதிதில் நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் கேளுங்கள். ஊரில் சர்க்கரையை மில்லிகிராமில் பார்த்தே பழகியவள் நான். "70க்குக் கீழே போனால் உடனே ஜூஸ் கொடுக்கவும்" என்று ஒரு தாளில் எழுதி, இங்கே ஆஸ்பத்திரியில் கொடுத்த புது மீட்டரோடு மகளின் பையில் வைத்து அனுப்பிவிட்டேன். அந்த மீட்டர் மில்லிமோல் என்ற வேறு அலகில் காட்டுவது. 11 மணிக்குப் பார்த்தபோது 14, அதாவது ஊர்க் கணக்கில் 252. ஆனால் 14 என்பது 70க்குக் கீழேதானே? ஜூஸ் கொடுத்தார்கள். கால் மணி நேரம் கழித்து 17. இன்னொரு ஜூஸ். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது 22. அந்த டீச்சரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, தாளில் இருந்ததைத்தான் செய்தார். மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம். 70 என்பது இங்கே 3.9. பள்ளிக்குப் போகும் மீட்டர் எதில் காட்டுகிறதோ அதில் மட்டும் எழுதுங்கள், அலகையும் சேர்த்து.

இதைவிடப் பயங்கரம் சிரிஞ்சு. யூ-40 என்றால் ஒரு மில்லிக்கு 40 யூனிட், யூ-100 என்றால் 100 யூனிட். ஊரிலிருந்து யூ-40 சிரிஞ்சு கொண்டுவந்திருந்தால், அதில் யூ-100 இன்சுலினை 4 வரை இழுத்தாலே உள்ளே போவது 10 யூனிட். கொண்டுவந்ததை எல்லாம் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பள்ளிக்கு இங்கே கொடுப்பது மட்டும்.

அப்புறம் டாக்டர் கையெழுத்தோடு ஒரு திட்டத் தாள் வாங்கிக் கொடுங்கள். சாப்பாட்டுக்கு முன் எத்தனை யூனிட், யார் போடுவார், அவன் தானே போட்டால் பக்கத்தில் நின்று அளவைப் பார்ப்பது யார், அந்த ஆள் லீவு போட்டால் அடுத்தது யார்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால்தான் எல்லோரும் முழிப்பார்கள், கேளுங்கள். டிபன் பாக்ஸ் மேல் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று தினமும் ஒட்டிவிடுங்கள். உடம்பில் ஒட்டும் சர்க்கரை சென்சார் போனோடு இணைந்திருந்தால் வகுப்பில் போன் வைக்க அனுமதியும் அதே தாளில் வரட்டும்.

சர்க்கரை இறங்கினால் பெரும்பாலும் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது என்பார்கள். சின்னப் பிள்ளைக்கு அளவு குறையலாம், டாக்டர் சொன்னதை எழுதுங்கள். அந்த நேரத்தில் நர்ஸ் அறைக்குத் தனியாக அனுப்பவே கூடாது, நடைபாதையில் விழுந்தால் யாருக்குத் தெரியும்? நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, சர்க்கரையை ஏற்றும் அவசர மருந்தான குளுக்ககானும் ஆம்புலன்ஸும்தான். அந்தக் குளுக்ககானைப் பூட்டிவைத்துச் சாவியைத் தேடும் கூத்தும் வேண்டாம். ஓடியாடினால் சர்க்கரை பல மணி நேரம் கழித்தும் இறங்கும், விளையாட்டு வகுப்பு இருக்கும் நாளின் இரவில் கவனம்.

நம் ஆட்கள் சிலர் "வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது" என்று காதில் ஓதுவார்கள். எனக்கும் ஓதினார்கள், நானும் முதல் இரண்டு மாதம் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லவில்லை. இருபது வருடம் இங்கே இருந்தும் மாறாத கூட்டம் அது. அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வைத்தியத்தை நம்பி ஒரு ஊசியைக்கூட விட்டுவிடாதீர்கள், டைப் 1க்கு இன்சுலின்தான், வேறு வழி கிடையாது.

எங்கள் பெரிய தொல்லை மொழிதான். சர்க்கரை இறங்கும்போது கை நடுங்குகிறது என்று சொல்ல என் மகளுக்கு இந்த ஊர்ப் பேச்சு வராது, தமிழில் சொன்னால் டீச்சருக்குப் புரியாது, சிடுசிடுத்தால் அடம் என்று நினைத்தார்கள். பென்சில் டப்பாவில் ஒரு சிவப்பு அட்டை வைத்தேன், மேசைமேல் அதை எடுத்து வைத்தால் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு மாதத்தில் மூலையெல்லாம் கடித்து வைத்திருந்தாள். கணக்குப் பாடம் பிடிக்காதபோதும் எடுத்து வைத்திருக்கிறாள் கழுதை, மூன்றாவது தடவைதான் டீச்சர் கண்டுபிடித்தார். அதற்காக அட்டையைப் பிடுங்கவில்லை, ஒவ்வொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் கணக்குக்கு அனுப்பினார்.