பாதியில் திரும்பலாமா? பத்து நாள் கழித்து முடிவு செய்யுங்கள்

கேள்வி: திருச்சிக்காரி நான், வயது 31. வேலையை விட்டுவிட்டு ஜனவரியில் ராமேஸ்வரத்தில் தொடங்கித் தனியாக இந்தியாவைச் சுற்றி வருகிறேன். ஒரு வருடம் என்பது திட்டம். இது ஐந்தாவது மாதம், இமாச்சலத்தில் தர்மசாலாவை ஒட்டிய மெக்லியோட் கஞ்சில் இருக்கிறேன். அடுத்து மணாலி, அங்கிருந்து லடாக்கில் உள்ள லே. ஆனால் ஒரு வாரமாக எதையும் பார்க்கப் பிடிக்கவில்லை. அமிர்தசரஸ் பொற்கோயிலில்கூட எப்போது அறைக்குப் போவோம் என்றே இருந்தது. நேற்று சில்லறைக்காக பஸ் கண்டக்டர் சத்தம் போட்டதும் அழுதுவிட்டேன். பணம் இருக்கிறது. ஆனால் பாதியில் திரும்பினால் "அப்பவே சொன்னேன்ல" என்பார் அம்மா. என்ன செய்யட்டும்?

பதில்: ஒரு கேள்வி கேட்கிறேன், விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். கடந்த ஒரு மாதத்தில் ஒரே கட்டிலில் தொடர்ந்து எத்தனை இரவு தூங்கினீர்கள்? நீண்ட பயணத்தின் நடுவில் இப்படிச் சோர்ந்துபோய் என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் இரண்டு, மூன்று என்றுதான் பதில் வரும்.

புது இடத்தில் முதல் இரவு தூக்கம் சரியாக வராது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் இதற்கான காரணத்தைக் காட்டினார்கள். அறிமுகமில்லாத அறையில் முதல் இரவு மூளையின் இடது பாதி, வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லை. சின்னச் சத்தத்துக்கும் அது விழித்துக்கொள்கிறது, காவலுக்கு ஆள் நிறுத்தியது மாதிரி. நீங்கள் இரண்டு நாளைக்கு ஒரு ஊர் என்று போயிருந்தால், இரண்டில் ஒரு இரவு உங்களுக்கு இந்த முதல் இரவுதான். ஐந்து மாதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பகலிலும் ஓய்வு கிடையாது. வீட்டில் இருந்தால் காபி எங்கே, டிபன் என்ன, யாரை நம்பலாம் என்று யோசிக்க வேண்டியதில்லை, பழக்கமே பார்த்துக்கொள்ளும். வெளியூரில் ஒவ்வொன்றையும் புதிதாக முடிவு செய்ய வேண்டும். பெண் தனியாகப் போனால் கூடுதலாக இன்னொரு வேலை: கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, ஆட்டோ சொன்ன வழியில்தான் போகிறதா, பின்னால் வருவது யார். நாள் முழுக்க ஹிந்தியில் பேசிவிட்டு, ராத்திரி அம்மாவிடம் "நல்லா இருக்கேன்" என்று தெம்பாகக் குரலை மாற்றிச் சொல்வதற்கும் சக்தி வேண்டும். கண்டக்டர் சத்தம் போட்டதற்கு நீங்கள் அழவில்லை. இத்தனைக்கும் சேர்த்துத்தான் அழுதீர்கள்.

இது எனக்கும் நடந்திருக்கிறது. ஒரு முறை கோனார்க்கில் சூரியன் கோயிலின் கல் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். பல வருடம் பார்க்க ஆசைப்பட்ட இடம். மனதில் ஓடியதெல்லாம் ராத்திரி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைக்குமா என்பதுதான். அன்றைக்கே ஊருக்கு டிக்கெட் போட நினைத்தேன். டிக்கெட் கிடைக்காததால் பூரியில் ஒரு சின்ன அறை எடுத்தேன், ஒன்பது நாள் இருந்தேன். முதல் மூன்று நாள் தூங்கியதும் துணி துவைத்ததும்தான் நினைவிருக்கிறது. நான்காம் நாள் காலையில் முனைக் கடை டீக்காரர், நான் வாயைத் திறக்கும் முன்பே சர்க்கரை இல்லாத டீயை நீட்டினார். அந்த டம்ளரைக் கையில் வாங்கியபோது, பல வாரம் கழித்து முதல்முறையாகத் தோள் தளர்ந்ததை உணர்ந்தேன். ஏழாம் நாள், கோனார்க்குக்கு இன்னொரு தடவை போய் வரலாமே என்று தானாகத் தோன்றியது.

அதனால்தான் சொல்கிறேன், இன்றைக்கு முடிவெடுக்காதீர்கள். களைத்துப்போன மனசும், பயணம் போதும் என்று நிறைந்துவிட்ட மனசும் வெளியில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டும் "வீட்டுக்குப் போகணும்" என்றுதான் சொல்லும். ஓய்வு கொடுத்த பிறகுதான் எது எது என்று பிரிந்து தெரியும்.

லே பயணத்தை இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். இதில் நான் கறாராகவே சொல்வேன். லே சுமார் 3,500 மீட்டர் உயரம். மணாலியிலிருந்து போகும் சாலையில் தங்லங் லா கணவாய் 5,000 மீட்டரையும் தாண்டுகிறது. 2,500 மீட்டருக்கு மேலேயே மலைநோய் வரலாம். அதன் ஆரம்ப அறிகுறிகள் தலைவலி, அசதி, பசியின்மை, தூக்கமின்மை. ஏற்கெனவே அசந்துபோயிருக்கும் உங்களுக்கு எது மலைநோய், எது பழைய சோர்வு என்று எப்படித் தெரியும்?

மேலே ஏறுவதற்குப் பதிலாகக் கீழே இறங்குங்கள். பாலம்பூர் பக்கத்தில்தான் இருக்கிறது, உயரம் குறைவு, தேயிலைத் தோட்டங்கள் நடுவே அமைதியான ஊர். சமையலறையோடு ஓர் அறை பாருங்கள், பத்து நாளைக்கு. ஊர் சுற்றிப் பார்க்க எந்தத் திட்டமும் வேண்டாம். சாதம் வடித்து, தயிர் வாங்கி, ஊறுகாயோடு சாப்பிடுங்கள். படம் எடுத்துப் போடுவதையும் நிறுத்திவையுங்கள்.

அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அது இருந்தால் எத்தனை நாள் படுத்தாலும் அசதி போகாது. ஹீமோகுளோபின், இரும்புச் சத்து, பி12, தைராய்டு நான்கையும் பாருங்கள். சைவம் என்றால் பி12 மிக முக்கியம். சமீபத்தில் காய்ச்சல் வந்து போயிருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், டெங்குவுக்குப் பிறகு வாரக்கணக்கில் சோர்வு இருப்பது உண்டு. தர்மசாலாவிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது.

பத்து நாள் காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. யாராவது தொந்தரவு செய்து பயத்தில் இருந்தால் உடனே அந்த இடத்தை விட்டுக் கிளம்புங்கள். இந்த வெறுமை நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலோகூட, அதைப் பயணக் களைப்பு என்று ஒதுக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு அழையுங்கள். இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். வீட்டிலிருந்து ஒருவரை வரச் சொல்லுங்கள்.

சரி, பத்து நாள் கழித்து எதைப் பார்ப்பது? வரைபடத்தைத் திறந்து வைத்தால் விரல் ஏதாவது ஓர் ஊரிடம் தானாகப் போகிறதா என்று பாருங்கள். போனால் தொடருங்கள். ஆனால் பழைய வேகத்தில் வேண்டாம், ஓர் ஊரில் குறைந்தது ஐந்து இரவு. நன்றாகத் தூங்கி, நன்றாகச் சாப்பிட்ட பிறகும் வீட்டு வாசல்தான் கண்ணில் நிற்கிறது என்றால் கிளம்பிவிடுங்கள். ஒரு வருடம் என்று கணக்குப் போட்டது ஜனவரியில், ஒரு ஊரும் பார்ப்பதற்கு முன்னால். ஐந்து மாதம் அனுபவித்த பெண்ணுக்கு அதை மாற்ற முழு உரிமை உண்டு.

திரும்பும் டிக்கெட்டை இப்போதே போட்டு வைப்பது நல்லது. ரயிலில் 60 நாள் முன்பே பதிவு செய்யலாம், கோடையில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். டெல்லி நிஜாமுதீனிலிருந்து வாரம் இரண்டு நாள் புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் உங்கள் திருச்சி வழியாகத்தான் கன்னியாகுமரி போகிறது. மூன்று வாரம் தள்ளி ஒரு தேதிக்குச் சாதாரண டிக்கெட்டாக எடுங்கள். வேண்டாம் என்றால் கொஞ்சம் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்ப வராது. கையில் டிக்கெட் இருப்பது தெரிந்தாலே பாதிப் பேருக்குத் தூக்கம் வந்துவிடுகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அம்மா. இன்று ராத்திரி போனில் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்: "அம்மா, ரொம்ப அசதியா இருக்கு. பத்து நாள் ஒரே ஊர்ல தங்கப் போறேன், நானே சமைக்கப் போறேன்." "அப்பவே சொன்னேன்ல" என்று அவர் சொல்லக்கூடும், சொல்லட்டும். அடுத்த நிமிஷமே ரசத்துக்கு என்ன அளவு என்று அவரே சொல்லத் தொடங்குவார். மிளகும் சீரகமும் பாலம்பூர் கடையில் கிடைக்கும்.