சேலைத் துணியும் ஓவியத் தாளும் சேர்ந்த கலைப் புத்தகம்: வளையாமல், கறைபடாமல் செய்வது எப்படி?

கேள்வி: என் பாட்டியின் பருத்திச் சேலைகளிலிருந்து வெட்டிய துண்டுகளை ஓவியத் தாளில் ஒட்டி, இடையிடையே படம் வரைந்து, ஒரே ஒரு பிரதியாகக் கலைப் புத்தகம் ஒன்றைச் செய்ய முயன்றேன். ஃபெவிகால் துணியின் மேற்புறம் வரை ஊறிப் பளபளப்பான கறையாக நின்றுவிட்டது. காய்ந்த தாள்கள் பொரித்த அப்பளம்போல் வளைந்தன. இருபது தாள்களையும் தைத்து முடித்த பின் புத்தகம் மூடாமல் விசிறிபோல் விரிந்தே நிற்கிறது. மீதமுள்ள சேலையை வீணாக்க மனம் வரவில்லை. அடுத்த முறை எப்படித் தொடங்க வேண்டும்? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கறை, வளைவு ஆகிய இரண்டுக்கும் காரணம் பசையில் இருந்த நீர், புத்தகம் மூடாததற்குக் காரணம் முதுகில், அதாவது தைத்துக் கட்டும் ஓரத்தில், கனம் சேர்க்காமல் விட்டது. மூன்றுமே ஒட்டத் தொடங்கும் முன் செய்ய வேண்டிய ஆயத்தத்தால் தீரக்கூடியவை.

ஆலையில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் எந்திரம் ஓடிய திசையிலேயே படுத்திருக்கும். நார் நனையும்போது நீளத்தில் கூடுவது மிகக் குறைவு, குறுக்கே பருப்பதுதான் அதிகம் என்பதால், தாள் நார்த்திசைக்குக் குறுக்காகவே விரிகிறது. துணியின் இயல்பு வேறு. தறியில் பாவு நூலை இழுத்துக் கட்டி நெய்வதால், நனைந்ததும் அது தளர்ந்து துணி நீளவாட்டில் சுருங்கப் பார்க்கிறது. விரியும் ஒன்றையும் சுருங்கும் ஒன்றையும் ஈரத்தோடு ஒட்டிக் காயவிட்டால், இரண்டும் ஒன்றையொன்று இழுத்துத் தாளை வளைத்துவிடும். பாட்டி பல ஆண்டுகள் துவைத்துக் கட்டிய சேலை என்பது இங்கே தங்களுக்குச் சாதகம். அது சுருங்க வேண்டிய அளவு அநேகமாகச் சுருங்கி முடிந்திருக்கும். புதுத் துணியாக இருந்தால் வெந்நீரில் இரண்டு முறை அலசி, ஆலையில் போட்ட கஞ்சியை நீக்கிய பிறகே பயன்படுத்த வேண்டும். சாயம் போகிறதா என்பதை ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்திப் பார்த்துவிடுங்கள். சாயம் போகும் துணியை உப்பு நீரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அதை நம்பிப் புத்தகத்தில் ஒட்டாதீர்கள்.

அடுத்தது திசை. சேலையின் கரை எந்த வாட்டத்தில் ஓடுகிறதோ அதுவே பாவின் திசை. தாளின் திசையை அறிய, விரற்கடை அளவுள்ள ஒரு சதுரத்தை வெட்டி ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள்; அது குழலாகச் சுருளும், அந்தக் குழல் படுத்திருக்கும் வாட்டமே நார்த்திசை. துணியின் பாவு, தாளின் நார், அட்டையின் நார் ஆகிய மூன்றும் புத்தகத்தின் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். இந்த ஒரு விதியை மீறிய புத்தகத்தை எவ்வளவு நேரம் பாரம் வைத்து அழுத்தினாலும் அது ஒழுங்காகப் படியாது. வடிவமைப்புக்காகக் கரையைக் குறுக்கே வைத்தே ஆக வேண்டுமென்றால், அந்தத் துண்டைப் பசையில்லாமல் தைத்துவிடுவது நல்லது.

ஆலைத் தாளைவிடப் பருத்திக் கழிவிலிருந்து கையால் செய்த தாளையே நான் பரிந்துரைப்பேன். அதில் நார்கள் எல்லாத் திசைகளிலும் கலந்து கிடப்பதால் நனையும்போது ஏறத்தாழச் சீராக விரியும். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் பிரிவும், ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள சாங்கனேரின் காகிதக் குடும்பங்களும் இத்தகைய தாளைச் செய்கின்றன. பழந்துணியைக் கூழாக்கிச் செய்த தாளில் பழஞ்சேலையை ஒட்டுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இரண்டும் ஒரே பருத்தியின் உறவு. 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அளவில் வாங்கினால் படம் வரையவும் போதுமான உறுதி இருக்கும்.

இனி முக்கியமான வேலைக்கு வருவோம். துணியை நேரடியாகப் பக்கத்தில் ஒட்டாதீர்கள். முதலில் அதன் பின்புறத்தில் மெல்லிய தாள் ஒன்றை, அதாவது முதுகுத்தாளை, ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடி அல்லது சன்மைக்கா பலகையின் மேல் சேலைத் துண்டை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, நீர் தெளித்து, இழைகள் நேராக நிற்கும்படி உள்ளங்கையால் நீவுங்கள். 20 முதல் 30 ஜி.எஸ்.எம். கனமுள்ள மெல்லிய கைத்தாளையோ ஜப்பானிய மல்பெரித் தாளையோ, துணியைவிட நாற்புறமும் மூன்று செ.மீ. பெரிதாக வெட்டி, அகலத் தூரிகையால் அதன் மேல் பசை தடவுங்கள். பசை எப்போதும் தாளில்தான் படவேண்டும். துணியில் தடவினால் தூரிகையின் அழுத்தமே அதை இழைகளின் வழியே மறுபுறம் தள்ளிவிடும். ஏற்கெனவே ஈரமாக இருக்கும் இழை பசையை உள்ளே இழுப்பதும் குறைவு. தங்களுக்கு நேர்ந்த கறை இந்த இரண்டு காரணங்களாலும் தடுக்கப்படும்.

பசை தடவிய தாளை இருவராகப் பிடித்துத் துணியின் மேல் இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காய்ந்த தூரிகையால் தட்டித் தட்டிப் படியவையுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பசை ஓரம் பலகையில் ஒட்டிக்கொள்ளும். ஓரிரவு காயவிட்டால், ஓரங்கள் பிடித்துக்கொண்டிருக்க நடுப்பகுதி பறைத் தோல்போல் இறுகிவிடும். மறுநாள் ஓரத்தைக் கத்தியால் அறுத்து எடுத்தால், தாளைப்போலவே வெட்டவும் மடிக்கவும் கூடிய, நூல் பிரியாத துணி கையில் கிடைக்கும். இதைக் கலைப் புத்தகத்தின் பக்கத்தில் ஒட்டும்போது மெல்லிய பூச்சாகப் பசை போதும். தேவையான நீரும் குறையும்.

பசைக்கு மைதாவே போதும். ஒரு பங்கு மாவை ஐந்து பங்கு நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சி, கண்ணாடிபோல் தெளிவு வந்ததும் இறக்கி, ஆறிய பின் துணியில் வடிகட்டுங்கள். நம் வெயிலில் இது இரண்டு நாளுக்கு மேல் நில்லாது, அவ்வப்போது புதிதாகக் காய்ச்சுங்கள். பூச்சி வராதிருக்க மயில்துத்தம் சேர்க்கும் பழக்கம் பைண்டிங் கடைகளில் உண்டு. ஆனால் துத்தம் நஞ்சு. அதிலுள்ள செம்பு காலப்போக்கில் தாளையும் பருத்தியையும் நொறுங்கச் செய்யும். பாட்டியின் சேலைக்கு அது வேண்டாம். ஃபெவிகால் வலுவானது, விரைவில் காய்வது, அட்டையைக் கட்டும் இடத்துக்கு ஏற்றது. ஆனால் காய்ந்த பிறகு அதைப் பழுதின்றிப் பிரித்தெடுக்க இயலாது. மைதாப் பசையை நீர் தொட்டு இளக்கி, தவறைத் திருத்திக்கொள்ளலாம். எனவே பக்கங்களுக்கு மைதா, அட்டைக்கு ஃபெவிகால் என்று பிரித்துக்கொள்வது என் வழக்கம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய தாள், காயும்போது ஒட்டிய பக்கமாகவே வளையும்; பின்புறத்திலும் அதே கனமுள்ள தாளையோ துணியையோ ஒட்டினால் இழுவை சமமாகும்.

விசிறியாக விரிந்ததற்கு வருகிறேன். துணியும் முதுகுத்தாளும் சேர்ந்து 0.3 மி.மீ. கனம் என்று கொண்டால், இருபது தாள்களில் அது 6 மி.மீ. ஆகிறது. அந்த 6 மி.மீ. கனம் பக்கங்களின் வெளிப்புறத்தில் இருக்கிறது, தையல் ஓடும் முதுகில் இல்லை. அதை முதுகிலும் கொடுத்துவிட்டால் புத்தகம் மூடிக்கொள்ளும். ஒவ்வொரு மடிப்புக்கும் இடையே, சேர்ந்த கனத்துக்கு ஈடான தாள் பட்டைகளை 15 மி.மீ. அகலத்தில் வைத்து, பக்கங்களோடு சேர்த்துத் தைக்க வேண்டும். தைக்கும் முன் எல்லாவற்றையும் அடுக்கி உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். முதுகின் உயரமும் முன் ஓரத்தின் உயரமும் ஒன்றாக இருக்கும் வரை பட்டைகளைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்யுங்கள். இன்னொரு வழி, நீளமான கெட்டித் தாளைச் சேலைக் கொசுவம்போல் மடித்து, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு பக்கத்தைத் தைப்பது. துணி மிகுந்த புத்தகத்துக்கு இதுவே எனக்கு மிகவும் பிடித்த கட்டு. கொசுவம் தேவைக்கேற்ப விரிந்து கொடுக்கும்.

பசையையே தவிர்க்கவும் வழியுண்டு. சிற்பி லூயீஸ் பூர்ஷுவா, 2002-இல், தம் பழைய உடைகளையும் வீட்டுத் துணிகளையும் கொண்டு ஒரு துணிப் புத்தகம் செய்தார். திருமணக் காலத்திலிருந்து வைத்திருந்த கைத்துண்டுகளே அதன் பக்கங்கள். பொத்தான் துளைகளின் வழியே அவை கட்டப்பட்டிருந்ததால் வேண்டும்போது பிரிக்க முடிந்தது. தாளும் துணியும் கலந்த புத்தகத்திலும் சில பக்கங்களை இப்படிச் செய்யலாம். தாளில் துணியைத் தைக்கும்போது மட்டும் தையல்களுக்கிடையே குறைந்தது 4 மி.மீ. விடுங்கள், நெருக்கித் தைத்தால் அஞ்சல்தலையின் ஓரம்போல் அந்த வரிசையிலேயே தாள் கிழிந்துவிடும்.

சரிகை உள்ள பகுதியைப் பயன்படுத்தினால், எதிர்ப்பக்கத்தில் உலோகக் கருமை படியாதிருக்க இடையே மெல்லிய தாள் ஒன்றை வையுங்கள். மாப்பசையை நாடி இராமபாணப் பூச்சி வரும் என்பதால், புத்தகத்தைக் காற்றோட்டமான இடத்தில் வைத்து, அருகே வசம்பைத் துணி முடிச்சில் வைக்கலாம். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்திலும் சுவடிகளுக்கு வசம்பு கலந்த மூலிகைப் பொடி முடிச்சுகள் பயன்படுகின்றன.

முன்பு செய்த புத்தகத்தையும் கைவிட வேண்டாம். ஃபெவிகால் கறையை அகற்ற இயலாது, மற்ற இரண்டு குறைகளையும் திருத்தலாம். தையலை அறுத்து, தாள்களைத் தனித்தனியே பிரித்து, ஈரமான துணிகளுக்கிடையே ஒரு மணி நேரம் வைத்து இளக்கி, பிறகு உறிஞ்சுதாள்களுக்கிடையே பாரம் ஏற்றி இரண்டு நாள் காயவிடுங்கள். உறிஞ்சுதாளைக் காலையும் மாலையும் மாற்றுங்கள். பிறகு முதுகுப் பட்டைகளை வைத்து மீண்டும் தைக்கலாம். மீதமுள்ள சேலையில் கைவைக்கும் முன், பழைய வேட்டித் துண்டு ஒன்றில் முதுகுத்தாள் ஒட்டும் வேலையை இரண்டு முறையாவது செய்து பாருங்கள். துணியில் எவ்வளவு ஈரம் இருக்க வேண்டும் என்பதைக் கை அதற்குள் அறிந்துகொள்ளும்.