மருத்துவமனையில் தாக்குதல்: புகாரில் எங்கே கோட்டை விடுகிறோம்? (கேள்வி பதில்)

அரசு மருத்துவமனைச் செவிலியர்: இரவுப் பணியில் நோயாளியின் உறவினர் அறைந்துவிட்டார். புகாரை நானே கொடுக்க வேண்டுமா?

வேண்டாம்மா. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட சம்பவத்துக்குப் பின், 2024 ஆகஸ்ட் 16-இல் ஒன்றிய சுகாதாரத் துறை அனுப்பிய உத்தரவு தெளிவானது: 6 மணி நேரத்துக்குள் நிறுவனத் தலைவரே வழக்குப் பதியச் செய்ய வேண்டும். அவர் கொடுத்தால் மிரட்டல் உங்கள் வீட்டுக்கு வரும் வாய்ப்பு குறையும். நீங்கள் சாட்சி, முகவரியாக மருத்துவமனை முகவரியைக் கொடுங்கள். அதற்கும் முன்னால் கேஷுவால்டிக்குப் போய் ஏ.ஆர். (காயத்தைக் குறிக்கும் விபத்துப் பதிவேடு) போடுங்கள். யார், எங்கே, எத்தனை மணிக்கு, கையாலா பொருளாலா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். விடியும்வரை விட்டால் கன்னச் சிவப்பு மறைந்துவிடும்.

பயிற்சி மருத்துவர்: ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் தந்தார்கள். போதுமா சார்?

போதாது. அது புகாரைப் பெற்றதற்கான சீட்டு, எஃப்.ஐ.ஆர். அல்ல. வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் நீர்த்துப்போகின்றன. புகாரில் 'தமிழ்நாடு சட்டம் 48/2008, பிரிவு 3' என்று எழுதுங்கள்; மருத்துவமனைகளில் வன்முறையைத் தடுக்கும் சட்டம் அது. 3 முதல் 10 ஆண்டு சிறை, ஜாமீனில் வர முடியாத குற்றம். எழுதாவிட்டால் பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 115(2), 296(பி) என்று காயம், ஆபாசப் பேச்சுக்கான பிரிவுகளை மட்டும் போட்டு, ஸ்டேஷன் ஜாமீனிலேயே அனுப்பிவிடுவார்கள். அரசு ஊழியர் என்றால், பணியைத் தடுக்கத் தாக்கியதற்கான 132-ஐயும் கேளுங்கள். "14 நாள் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம்" என்பார்கள். அந்த ஆரம்பகட்ட விசாரணை 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை வரை உள்ள குற்றங்களுக்குத்தான், இதற்குப் பொருந்தாது. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

தனியார் கிளினிக் நடத்துபவர்: யாரையும் அடிக்கவில்லை. கண்ணாடியை உடைத்து, ஓ.பி.யை நடத்தவிடாமல் செய்தார்கள்.

இதே சட்டம்தான். தனியார் மருத்துவமனைக்கும் உண்டு. மிரட்டலும் பணியைத் தடுப்பதும்கூட அதில் வன்முறையே. போலீஸ் பார்க்கும்வரை கண்ணாடித் துண்டைக் கூட்டாதீர்கள். உடைந்த கருவிகளின் பில்லைத் தேடி எடுங்கள். சிசிடிவி பதிவைப் பொறுத்தவரை, டி.வி.ஆர். (கேமரா பதிவுப் பெட்டி) சில நாளில் பழையதை அழித்துவிடும். அன்றே பென்டிரைவில் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீடியோவை மட்டும் நம்பாதீர்கள். அது சுருங்கி, ஹேஷ் மதிப்பு (கோப்பின் கைரேகை போன்ற எண்) மாறிவிடும். புதிய சாட்சியச் சட்டம் 63(4) கேட்கும் சான்றிதழில் அந்த மதிப்பை எழுத வேண்டும்; பகுதி 'ஏ'-வில் கருவிக்குப் பொறுப்பானவரும், 'பி'-யில் நிபுணரும் கையெழுத்திடுவார்கள்.

அதே நபர்: வட்டச் செயலாளர் சமரசம் பேச வந்தால்?

டீ கொடுத்து அனுப்புங்கள். இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளக்கூடிய சமரசக் குற்றப் பட்டியலில் பிரிவு 3 இல்லை. நீங்களே வாபஸ் என்றாலும் ரத்து செய்ய உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

நோயாளியின் மகன்: அப்பா இறந்ததை இரண்டு மணி நேரம் சொல்லவே இல்லை. கோபம் வராதா?

வரும், நியாயம்தான். கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பிறகு தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார். கட்டணம் வாங்கிய மருத்துவமனை என்றால் நுகர்வோர் ஆணையமும் உண்டு. மருத்துவர்களுக்கும் ஒன்று: "முயற்சி பண்றோம்" என்று இழுக்காதீர்கள். மூத்தவர் ஒருவர், தனி அறையில், தான் கதவருகே உட்கார்ந்து, "இறந்துவிட்டார்" என்றே சொல்லட்டும். பில் பேச்சை அந்த அறைக்குள் எடுக்கவே கூடாது.