மெதுவாக ஊர்ந்து போகும் விமானங்கள் தரையில் எப்படி மோதிக்கொள்கின்றன?

வானத்தில் அத்தனை வேகத்தில் பறக்கிறவர்கள், தரையில் ஊர்ந்து போகும்போது பக்கத்து விமானத்தில் இடிப்பது எப்படி, விமானிக்குக் கண் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இறக்கை நுனி விமானியின் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் பதிலில் பாதி.

நான் ஒரு விமான நிலையத்தில் ஆறு வருடம் தரைப்பணியில் இருந்தவன். டிராக்டர் விமானத்தைப் பின்னால் தள்ளும்போது, இறக்கை நுனிக்குக் கீழே கையில் குச்சியோடு ஒருவர் கூடவே நடந்து வருவாரே, அவரை விங் வாக்கர் என்போம். என் வேலை அதுதான். இதற்கு ஏன் தனியாக ஓர் ஆள் என்று முதல் வாரம் எனக்கும் புரியவில்லை. பிறகு ஒருநாள், பழுதுபார்க்க நின்றிருந்த போயிங் 777-இன் காக்பிட்டில் ஒரு இன்ஜினியர் என்னை உட்காரவைத்தார். கழுத்தை எவ்வளவு வளைத்தும் இறக்கை நுனி கண்ணில் படவே இல்லை. ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும் விமானத்தில் யார் அப்படிச் செய்வார்கள்? அந்த விமானத்தின் இறக்கை இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை கிட்டத்தட்ட 65 மீட்டர்.

சரி, அப்படியானால் எதை நம்பி ஓட்டுகிறார்கள்? தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டை நம்பி. மூக்குச் சக்கரம் அந்தக் கோட்டின் மேல் போனால் இறக்கை எதிலும் படாது என்று கணக்குப் பார்த்துத்தான் கோடு போட்டிருப்பார்கள். ஆனால் மற்ற விமானமும் தன் இடத்தில் சரியாக நின்றால்தான் அந்தக் கணக்கு செல்லும். முன்னால் இருப்பவர் ஓடுபாதைக்காகக் காத்திருக்கும்போது பத்துப் பதினைந்து மீட்டர் பின்தள்ளியே நின்றுவிட்டார் என்றால், அவர் வால் இன்னொருவர் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் குறுக்கே கடந்து போகிறவர் தன் கோட்டில் சரியாகத்தான் போவார், ஆனாலும் இடிப்பார். கோபுரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டாளரால் அவ்வளவு தூரத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியைக் கண்ணால் அளக்க முடியாது.

வளைவு வந்தால் இன்னும் சிக்கல். நீளமான பஸ் திரும்பும்போது அதன் பின்பக்கம் வெளியே வீசும், பார்த்திருப்பீர்கள். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் நுனியும் அப்படித்தான், விமானி நினைப்பதைவிட அகலமான வட்டம் போடும்.

2024 செப்டம்பரில் அட்லாண்டாவில் டோக்கியோவுக்குக் கிளம்பிய ஏர்பஸ் ஏ350 ஒன்று, காத்திருந்த ஒரு சிறிய சிஆர்ஜே விமானத்தின் பின்னால் கடந்து போனது. இறக்கை பட்டதில் சிறிய விமானத்தின் வால் ஒடிந்து சரிந்துவிட்டது. அதே ஆண்டு மார்ச் 27 அன்று கொல்கத்தாவில், சென்னைக்கு வரவேண்டிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதை அனுமதிக்காக நின்றிருந்தபோது இண்டிகோ விமானத்தின் இறக்கை அதன் இறக்கையில் உரசியது. இண்டிகோ விமானிகள் இருவரையும் நம் நாட்டு விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ உடனே பணியிலிருந்து விலக்கி வைத்தது. விசாரணை முடியும்வரை அது நியாயமான நடவடிக்கைதான். ஆனால் பேச்சு அதோடு நின்றுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஏனென்றால், புஷ்பேக், அதாவது விமானத்தைப் பின்னால் தள்ளுவது, முடிந்து டிராக்டரைக் கழற்றியதும் நாங்கள் கையசைத்துவிட்டுத் திரும்பிவிடுவோம். அதற்குப் பிறகு இறக்கை நுனியைப் பார்க்க ஆளே கிடையாது. மழை இரவு ஒன்றில், சாமான் ஏற்றும் வண்டி ஒன்று கோட்டுக்கு வெளியே நிற்பதைப் பார்த்து, தலைக்கு மேலே குச்சிகளைக் குறுக்காகப் பிடித்து புஷ்பேக்கை நிறுத்தினேன். நுனிக்கும் வண்டிக்கும் நடுவே நான்கு அடிகூட இருந்திருக்காது. அன்று கீழே ஆள் இருந்தது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் வழியான டாக்ஸிவேயில் அதே நிலைமை வந்தால் யார் நிறுத்துவது?

2011 ஏப்ரலில் நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்தில், ஓடுபாதையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஏர் பிரான்ஸின் ஏ380, கிட்டத்தட்ட 80 மீட்டர் அகல இறக்கை, ஒரு சிஆர்ஜே-யின் வாலில் இடித்தது. சிறிய விமானம் நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சுழன்றது. அடுத்த ஆண்டே அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி, இறக்கை நுனி விமானிக்குத் தெரியாத பெரிய விமானங்களில் கேமரா போன்ற கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்குப் பிறகுதான் அட்லாண்டா நடந்தது. 2025 பிப்ரவரியில் சியாட்டிலில் ஜப்பான் ஏர்லைன்ஸின் 787, டெல்டாவின் 737 வாலில் இறக்கையைச் செருகி நின்றதும் அதற்குப் பிறகுதான். நம் தெருவில் நிற்கும் காரில்கூட ரிவர்ஸ் கேமரா இருக்கிறது. இத்தனை உயிரைச் சுமக்கும் விமானத்தின் நுனியில் ஒன்றை வைக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில் என்ன தயக்கம்? எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிற விஷயம் இது.

பயப்பட வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊர்ந்து போகும் வேகத்தில் நடக்கும் இடிகளில் உயிரிழப்பு மிக அரிது. உயிர் போவது, ஊர்ந்து போகும் விமானம், இன்னொன்று பறக்கக் கிளம்பும் ஓடுபாதையில் இருக்கும்போதுதான். 1977-இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் 583 பேரும், 2001-இல் மிலானின் லினாட்டேயில் 118 பேரும் அப்படித்தான் போனார்கள். இரண்டு நாளும் பனிமூட்டம்.

ஆனால் பெல்ட்டை மட்டும் சீக்கிரம் கழற்றாதீர்கள். ஜேஎஃப்கே-யில் சுழன்றதே அந்தச் சிறிய விமானம், அது பாஸ்டனிலிருந்து வந்து இறங்கி, நிறுத்துமிடத்துக்காகக் காத்து நின்றிருந்தது. நம் விமானங்களில் பாதிப்பேர் எழுந்து மேலே இருக்கும் பையை இழுத்துக்கொண்டிருக்கும் நேரம் அது.